டிரம்முக்குள்ள கியர் ஆயில்

அப்பாவோட பழைய கியர் ஸ்கூட்டர்ல பின் பிரேக்க ஏறி நின்னு மிதிச்சாலும் வண்டி பாட்டுக்கு போய்க்கிட்டே இருந்துச்சு, நானும் கேபிளை ரெண்டு சுத்து டைட் வச்சு டைட் வச்சே ஆறு மாசம் ஓட்டிட்டேன். நேத்து பின் சக்கரத்து நடு நட்டைக் கழட்டி (நட்டு கழண்டுடாம பிடிச்சு வைக்குற காட்டர் பின் துருப்பிடிச்சு ரெண்டு துண்டா வந்துச்சு) டிரம்ம (சக்கரத்தோட சுத்துற பிரேக் கிண்ணம்) உருவிப் பாத்தா, உள்ள பிரேக் ஷூ மேல ஒட்டியிருக்குற லைனிங் என்னமோ நல்லாத்தான் இருக்கு, ஆனா மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓரத்துல பிசுபிசுன்னு ஈரம், மோந்து பாத்தா கியர் ஆயில்!! ஆயில் வெளிய வராம தடுக்குற சீல் போயிருக்கு. இது தெரியாம புது ஷூ மட்டும் போட்டிருந்தா அதுவும் ஊறிப்போயிருக்கும்.

ஆயில் குடிச்ச லைனிங்க பெட்ரோல்ல கழுவி மாட்டலாம்பாங்க, சூடானா உள்ள இருக்குறது திரும்ப கசியும், அந்த வம்பே வேணாம்னு சீலு, ஷூ ரெண்டும் மாத்தி, டிரம்ம உப்புத்தாள்ல தேய்ச்சு, பிரேக்க மிதிச்சா ஷூவ விரிக்குற, இறுகிக் கிடந்த கேமுக்கு கொஞ்சூண்டு கிரீஸ் வச்சேன். தூசிய வாயால ஊதிடாதீங்கப்பா, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால தொடைங்க.

அப்பாகிட்ட சொன்னா, "நான் எங்கடா பிரேக்க நம்புனேன், கியரைக் கொறச்சுதான் நிறுத்துவேன்"ங்கிறாரு 😄