ரோசிக்குக் காவல்

எங்கள் பெட்டை நாய் ரோசி பருவத்துக்கு வந்ததிலிருந்து படலை இரவு பகலாகக் கம்பி போட்டுக் கட்டியபடிதான். இரணைமடுப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் கட்டி வளர்க்கிற நாய் குறைவு. பன்றிக்கும் கள்ளனுக்கும் காவலாக அவிழ்த்துவிட்ட கடுவன்கள்தான் எல்லாம். விடியும்போது அரைவாசி எங்கள் வேலிக்கரையில் படுத்திருக்கும்.

“ரத்தம் நிண்டிட்டுதெல்லே பிள்ளை, இனி அவிட்டு விடன்” என்றா பக்கத்து வளவு மாமி. நல்ல மனுசி, ஆனால் இந்த விசயத்தில் அவ சொல்வதைக் கேட்க மாட்டேன். ரத்தம் நன்றாகப் போகிற முதல் கிழமையில் கடுவன் கிட்ட வந்தால் பெட்டையே சீறிக் கலைத்துவிடும். பிறகு நிறம் வெளிறித் தண்ணியாகப் போகத் தொடங்கும்போதுதான் கவனம் வேண்டும். இப்போது ரோசியின் வாலடியில் விரல் பட்டாலே போதும், வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். எல்லாம் அடங்க மூன்று கிழமையாவது செல்லும்.

கிடுகு வேலியில் இருந்த பொட்டுகளைத் தகரம் புதைத்து அடைத்தாயிற்று. இரவில் ரோசி சாமான் அறைக்குள். சலம் விடக் கயிற்றில் பிடித்துக் கிணற்றடிப் பக்கம் கொண்டுபோய், அந்த இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவேன். மாமரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். கட்டிக் கிடக்கிற பெட்டை எங்கே ஓடும்?

எங்கள் கடுவன் வீமனை இவர் வயல் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கேயும் சோற்றைத் தொடாமல் ஊளையிடுகிறானாம், பாவம். இரண்டுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் கடிபட்டாலும் கொஞ்சம் நிம்மதி.

அப்புறம் ஒன்று. தப்பித் தவறி நாய்கள் இணைசேர்ந்து கொழுவி நின்றால் கல்லால் எறியாதீர்கள், இழுத்துப் பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் உள்ளே கிழியும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தானாக விலகும். ஒழுங்கைப் பொடியளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது.

இந்த நேரத்தில் கருத்தடை செய்தால் ரத்தம் கூடப் போகுமாம். இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்று மிருக வைத்தியர் சொன்னார். ரோசிக்கு அப்போது கட்டாயம் செய்விப்பேன். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏ9 வீதிக்கரையில் விடுகிற வேலை எங்கள் வீட்டில் நடக்காது. வீமனுக்கும் செய்யலாம் என்கிறேன், காவல் குணம் போய்விடும் என்று இவர் மறுக்கிறார். அது அப்படிப் போகாது என்று வைத்தியரே சொல்லட்டும், அடுத்த முறை இவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.