ஏப்ரல் 9, ரெண்டு சரண்டர்

வரலாற்றுல தேதி பொருந்திப் போறதெல்லாம் பெரும்பாலும் தற்செயல்தான். ஆனா ஏப்ரல் 9 மட்டும் எனக்கு அப்படித் தோணல, ஏன்னா அமெரிக்க ராணுவத்துக்கு அந்த நாள் ரெண்டாவது தடவை வந்தப்போ, அதுல மாட்டிக்கிட்ட ஜெனரலுக்கே முதல் தடவை நடந்தது ஞாபகத்துல இருந்துச்சு.

1942, ரெண்டாம் உலகப் போர், பிலிப்பைன்ஸ்ல ஜப்பான் படைகிட்ட மாட்டிக்கிட்ட பட்டான் தீபகற்பம். மேஜர் ஜெனரல் எட்வர்ட் கிங் கையில அமெரிக்கரும் பிலிப்பினோவுமா எழுபதாயிரத்துக்கும் மேல ஆளுங்க. ஜனவரிலயே பாதி ரேஷன், மார்ச்ல அதையும் குறைச்சாச்சு, மலேரியால பாதி பேர் நடுங்கிட்டு கிடக்குறாங்க, மருந்து இல்ல. 26-வது குதிரைப்படையோட குதிரைங்களையே அறுத்து சாப்பிட்டாச்சு. மேலதிகாரி வெயின்ரைட் குதிரைப்படையிலேயே வளர்ந்தவர், அவரோட சொந்தக் குதிரையும் அதுல போயிடுச்சு. இவங்க எல்லாருக்கும் மேல இருந்த தளபதி மெக்கார்தர் ஆஸ்திரேலியால இருந்து சரணடையக்கூடாதுன்னு ஆர்டர் போட்டிருந்தாரு. கிங் வெயின்ரைட்கிட்ட கூட சொல்லாம முடிவெடுத்தாரு, பழி முழுசா தன் தலையிலயே விழட்டும்னு.

கிங் ஜார்ஜியாக்காரர், தெற்கத்தி ஊர். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1865 ஏப்ரல் 9 அன்னிக்கு தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ வடக்குப் படைத் தளபதி கிராண்ட்கிட்ட சரணடைஞ்ச கதை அவருக்கு அத்துப்படி. "போய் கிராண்டைப் பாக்குறதைத் தவிர வேற வழியில்ல, அதுக்கு நான் ஆயிரம் தடவை செத்துடலாம்"னு லீ சொன்னதும் அவருக்குத் தெரியும். கடைசியா மிச்சமிருந்த சுத்தமான யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு கிளம்பினாரு, லீயும் அப்படித்தான் பளிச்சுன்னு போனாரு. ஜீப்ல வெள்ளைக்கொடி கட்டியிருந்தும் மேல இருந்து ஜப்பான் விமானங்க சுட்டுக்கிட்டே இருந்துச்சு.

லீயோட அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னா, வர்ஜீனியாவுல அப்போமேட்டக்ஸ்ல வில்மர் மெக்லீன் வீட்டுக் கூடம். சிப்பாய் கோட்டுல தோள்பட்டைப் பட்டியை மட்டும் தச்சுக்கிட்டு, சேறு அப்பின பூட்ஸோட கிராண்ட் வந்தாரு. வாளைக் கேக்கவே இல்ல. குதிரை சொந்தமா வெச்சிருக்குறவங்க வசந்த உழவுக்கு அதை வீட்டுக்கே ஓட்டிட்டுப் போகலாம்னு விட்டுட்டாரு, லீ ஆளுங்க பட்டினின்னு தெரிஞ்சதும் 25,000 பேருக்கு ரேஷன் அனுப்பச் சொன்னாரு. வெளிய தன் படை சந்தோஷத்துல பீரங்கி வெடிக்க ஆரம்பிச்சதையும் நிறுத்தச் சொல்லிட்டாரு. நாலு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்ட சண்டைக்கு அப்புறம் இது எவ்ளோ பெரிய மனசு! எத்தனை தடவை படிச்சாலும் அந்தக் குதிரை விஷயத்துல நான் நின்னுடுவேன். ஆயுதத்தைக் கீழ போட்டவன் மறுநாள் காலைல என்ன செய்வான்னு ஜெயிச்சவன் யோசிச்சிருக்கான்.

பட்டான்ல லமாவ்ங்கிற இடத்துல ஜப்பான் கர்னல் நகயாமா கிங்கோட வாளைக் கேட்டாரு. அது மணிலாலயே இருந்துடுச்சு, அதனால கிங் தன் பிஸ்டலை மேஜை மேல வெச்சாரு. என் ஆளுங்களை நல்லா நடத்துவீங்களான்னு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப கேட்டாரு, அதுக்கு "நாங்க காட்டுமிராண்டிங்க இல்ல"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் சரணடைஞ்சவங்களை நடக்க வெச்ச அந்த 'பட்டான் மரண நடை'. நோயாளியும் பட்டினியுமா சுமார் 100 கிலோமீட்டர், ரோட்டோரம் தண்ணி கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போய் குடிக்கப் போனவனை பயனெட்டால குத்துவாங்க. சான் ஃபெர்னாண்டோல இருந்து மூடின சரக்கு வண்டில நிக்க வெச்சு அடைச்சு கொண்டு போனாங்க. வழியிலயும் முகாம்லயுமா செத்தவங்க ஆயிரக்கணக்குல.

2003-ல பாக்தாத்ல சதாம் சிலை சாஞ்சதும் இதே ஏப்ரல் 9-தான், ஆனா அதை டிவில எல்லாரும் பாத்தாச்சு. பிலிப்பைன்ஸ்ல இந்த நாள் வீரத்துக்கான தேசிய விடுமுறை. அமெரிக்காவுல முன்னாள் போர்க்கைதிகளை நினைக்குற நாள்.

கிங் மூணு வருஷத்துக்கும் மேல சிறையில கிடந்தாரு. ஆர்டரை மீறினதுக்கு ஊர் திரும்புனதும் கோர்ட் மார்ஷல் நிச்சயம்னு நெனச்சிருந்தாரு. விடுதலையாகி வந்தப்போ யாரும் அவர் மேல கேஸ் போடல.