43ஆம் கப்

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு பலகை நிறைய சின்ன பிளாஸ்டிக் கப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொரு தடவை கலந்த எபாக்சியில் (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் பசை) மிச்சம் கொஞ்சம் உறைந்து கிடக்கும், வெளியே மார்க்கரில் அந்தக் கலவையின் எண். நான் வீட்டில் செய்கிற விமானத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போதைக்கு இதைத்தான் காட்ட முடிகிறது. விமானத்தில் முடிந்தது வால் சுக்கான் ஒன்றுதான்.

அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் 1970களில் பிரபலமாக்கிய முறையில்தான் செய்கிறேன். நுரைப் பலகையைச் சூடான கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்சி விட்டு ஒட்டுவது. குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் செய்தே ஆயுள் கழிந்த அப்பாவுக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. நோட்டுதான் அவருக்குச் சிரிப்பு. தேதி, எத்தனை மணி நேரம், ரெசின் எத்தனை கிராம், ஹார்ட்னர் எத்தனை, வெப்பம், ஈரப்பதம், எந்தக் கலவை எந்த இடத்துக்குப் போனது, எல்லாம் எழுதுவேன். "லேய் மக்கா, நோட்டா பறக்கப் போவுது?" என்பார்.

அமெரிக்காவில் இப்படி வீட்டில் செய்கிற விமானத்தில் பாதிக்கு மேல் அமெச்சூர் ஆட்களே செய்தது என்று காட்ட வேண்டும், அதற்கு இந்த நோட்டும் போட்டோக்களும்தான் சாட்சி. இங்கே டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதியெல்லாம் பின்னால் பார்க்க வேண்டிய தலைவலி. எனக்கு நோட்டு உதவியது வேறு விதத்தில்.

ஆனி மாத மழையில் ஒரு நாள். மறுநாள் காலை 43ஆம் கப்பில் நகத்தை வைத்தால் பதிகிறது. 42, 44 இரண்டும் கல். நோட்டைப் புரட்டினேன்: "ரெசின் 100க்கு ஹார்ட்னர் 30. மழை. ஈரப்பதம் 88. சுக்கான் இடது பக்கம், கீழ்க் கீலுக்குக் கீழே. அப்பா கூட இருந்தார்."

கடைசி வரிதான் பதில். நான் துணி எடுக்கப் போன நேரத்தில், ஈரக்காற்றில் காயாது என்று அப்பா இன்னும் கொஞ்சம் ஹார்ட்னர் ஊற்றியிருக்கிறார். வள்ளத்துக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினில் அது சரிதான். அங்கே ஹார்ட்னர் என்று விடுகிற கேட்டலிஸ்ட் வினையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவே. மழைக்கு ஒரு சொட்டு கூட, வெயிலுக்கு ஒரு சொட்டு குறைய என்று கைக்கணக்கில் விடலாம். எபாக்சியில் ஹார்ட்னரே ரெசினோடு சேர்ந்து பிணைகிற ஜோடிப் பொருள். கூடப் போட்டால் மிச்சம் ஜோடி இல்லாமல் நின்று, ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

நோட்டு இல்லையென்றால் சுக்கான் முழுவதையுமே தூக்கிப் போட்டிருப்பேன். இப்போது இரண்டு சாண் இடம் மட்டும் உரித்து, தேய்த்து, அசிட்டோன் துடைத்து மறுபடி ஒட்டினேன். 11 மணி நேரம். அதையும் எழுதி வைத்தேன், அப்பா பெயரைப் போடாமல்.

இப்போது தராசில் நிறுப்பது அவர், எழுதுவது நான். கண்ணாடி போடாமல் 30ஐ 80 என்று வாசிப்பார். அதனால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.