பொறியியல் கல்லூரியில் ஒரு கல்வெட்டு மன்றம் தொடங்கிய அனுபவம்

கல்லூரியில் புதிதாக மன்றம் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே ஒன்றுகூடத் தொடங்கிவிடுங்கள். அனுமதி வந்த பிறகு ஆள் சேர்க்கலாம் என்று காத்திருந்தால் அனுமதியும் வராது, ஆளும் சேராது.

சென்னையில் நான் படித்த பொறியியல் கல்லூரியில் ரோபோட்டிக்ஸ், நடனம், வினாடி வினா என்று எல்லாவற்றுக்கும் மன்றம் உண்டு. எங்களுக்கு வேண்டியது கல்வெட்டு வாசிப்பு. புதன்கிழமை மாலைகளில் கேன்டீனுக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவோம். கையில் ஒரு கல்வெட்டின் புகைப்படமும், இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியிலிருந்து அதன் அச்சு வடிவமும் இருக்கும். முதலில் புகைப்படத்தைப் பார்த்துப் படிக்க முயல்வோம். தடுமாறினால் மட்டும் அச்சைத் திறப்போம்.

சோழர் காலத்துத் தமிழ் எழுத்து முதல் பார்வையில் மிரட்டும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று நாமே ஊகிக்க வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. ஆனால் பிடி கிடைத்துவிட்டால் விட மனம் வராது. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன், ‘புகழ்மாது விளங்க’ என்றால் முதலாம் குலோத்துங்கன். இது தெரிந்ததும் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பையன், சுவரைப் பார்த்தவுடன் அரசன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான். அடுத்த வாரம் அவனே தன் அறைத் தோழர்களை இழுத்து வந்தான். எந்தச் சுவரொட்டியும் இவ்வளவு ஆள் சேர்த்துத் தந்திருக்காது.

பிறகுதான் தாள் வேலை. மாணவர் நலன் டீன் அலுவலகத்தில் மூன்று கேள்விகள் வந்தன. தமிழ் இலக்கிய மன்றத்தோடு சேர்ந்துகொள்ளக் கூடாதா? எந்தப் பேராசிரியர் பொறுப்பு? பணம் எங்கிருந்து வரும்? வாய்விட்டுக் கேட்கப்படாத நான்காவது கேள்வியும் இருந்தது. கோயில் கோயிலாகப் போகிறார்கள், பின்னால் மத வம்பு, அரசியல் வம்பு ஏதும் வருமோ என்ற தயக்கம் அது. அதை நாங்களாகவே எடுத்துப் பேசினோம். கல்வெட்டில் என்ன இருக்கும் என்று சில வரிகளைக் காட்டினோம். நில அளவு, வரி, ஏரி பராமரிப்பு. கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்காக 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். டீன் அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். கோப்பு நகர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

பொறுப்பாசிரியரைத் தேடும்போது பாடத்தைப் பார்க்காதீர்கள், ஆர்வத்தைப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தவர் சிவில் துறைப் பேராசிரியர், பழைய ஏரிகளில் ஈடுபாடு உள்ளவர். “ஞாயித்துக்கிழமை நானும் வரேன். ஆனா ஓ.டி.ன்னு மட்டும் கேட்டு வராதீங்கப்பா” என்றார். ஓ.டி. என்றால் ‘ஆன் டியூட்டி’, வகுப்புக்கு வராமலே கிடைக்கும் வருகைப் பதிவு. அருமையான நிபந்தனை. வருகைப் பதிவுக்காக வருகிற கூட்டம் தேர்வு வந்தால் கலைந்துவிடும். ஒப்பந்தப் பணியில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் ஆர்வமாக முன்வருவார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த ஆண்டு அவர்களுக்குப் பணி நீட்டிப்பு கிடைக்குமா என்பது அவர்கள் கையில் இல்லை. அதனால் கையெழுத்துக்கு நிரந்தரப் பணியில் ஒருவர் வேண்டும்.

துறைத் தலைவர், டீன், முதல்வர் என்று கோப்பு போகும் வழியில் எங்காவது படுத்துக்கொள்ளும். அலுவலக உதவியாளர் அண்ணன் ஒருவர் சொன்னது எங்களைக் காப்பாற்றியது: “தம்பி, இன்வர்டு நம்பர் போட்டு வாங்கிக்கோ. இன்டர்னல்ஸ் நேரத்துல கொடுக்காத, செமஸ்டர் தொறந்த வாரத்துல கொடு.” அப்படியே செய்தோம்.

விதிமுறை எழுதும்போது உத்திரமேரூர் கல்வெட்டைத்தான் முன்னால் வைத்துக்கொண்டோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த, குடத்தில் ஓலைச் சீட்டு இட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் குடவோலை விதிகள் இருக்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களே வாரியத்துக்கு வர முடியும் என்ற பகுதி எங்களுக்கு ஏற்புடையதல்ல, அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டது இரண்டு. பொறுப்பில் இருந்தவர் மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி வர முடியாது, கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. மூன்று ஆண்டை எங்கள் நான்காண்டுப் படிப்புக்கு ஏற்ப ‘ஒருவருக்கு ஒரே முறை’ என்று மாற்றினோம். கணக்கு விதியை இன்னும் இறுக்கினோம். டீக்காசு உட்பட எல்லாம் நோட்டில் ஏற வேண்டும், பருவ முடிவில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

முதல் களப்பயணம் திருவொற்றியூர். மெட்ரோவிலேயே போய்விடலாம், செலவு குறைவு. பல்லவர், ராஷ்டிரகூடர், சோழர் எனப் பல காலத்துக் கல்வெட்டுகள் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் கோயில் செயல் அலுவலருக்குக் கல்லூரி முத்திரையோடு கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புத்தூளோ மாவோ தடவக் கூடாது, கல் கெட்டுப்போகும். அதற்கு எளிய வழி உண்டு. ஒருவர் கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் விழுந்து, வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் வரி எழும். இன்னொருவர் நேரே நின்று படம் எடுத்தால் போதும்.

விடுதிப் பெண்களுக்கு வெளியே போக வீட்டாரின் ஒப்புதல் கடிதம் வேண்டும், திரும்பும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் திரும்புவதே வழக்கம். எல்லோரும் வர முடியாத பயணம் மன்றத்தின் பயணமாகாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

இறுதியாண்டுக்காரர்களுக்குப் பதவி இல்லை என்பதும் எங்கள் விதி. மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே சாவி, நோட்டு, கடித நகல்கள், புகைப்படங்கள் இருக்கும் கூகுள் டிரைவ் கடவுச்சொல் எல்லாம் கைமாறிவிடும். இப்போது செயலாளர் இரண்டாம் ஆண்டு இ.சி.இ. மாணவி. லேப் இருப்பதால் புதன்கிழமைக் கூட்டத்தை வியாழனுக்கு மாற்றியிருக்கிறாள், கல்வெட்டுகளில் வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துக்கென்று தனி வகுப்பும் ஆரம்பித்திருக்கிறாள்.