வயலில் வைத்த கல்யாணம்

தங்கை கல்யாணத்தை மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் வயலிலேயே வைத்தோம். இப்படிச் செய்ய நினைப்பவர்கள் ஜோசியரிடம் போகும் முன் சாகுபடிக் கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். மாசிக்குள் சம்பா அறுவடை முடிந்து, வாய்க்காலும் காய்ந்துவிடும். பந்தல் சாமான் லாரி வாய்க்காலில் இறங்கி ஏறி நேரே வயலுக்கே வரலாம். மழை பயமும் குறைவு. அதனால் மாசிக் கடைசியில் முகூர்த்தம் கேட்டோம்.

டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போதே பயிருக்குள் உளுந்து விதைத்துவிடுவார்கள். பந்தல் போடப்போகும் வயலை மட்டும் விட்டுவிடச் சொல்லிவைக்க வேண்டும். அப்பாவுக்கு இதில்தான் மனசே வரவில்லை. “அரை ஏக்கர் உளுந்து போச்சு” என்று கல்யாணம் முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவின் கவலை வேறு. “ஏம்மா, மண்டபம் பிடிக்க வக்கில்லாமத்தான் வயக்காட்டுல வச்சாங்கன்னு ஊரு பேசுமே.” “பேசட்டும் சித்தப்பா, சாப்பிட்டுட்டுப் பேசட்டும்” என்றேன். உண்மையில் மண்டப வாடகை மிச்சம் என்பதெல்லாம் சும்மா. பந்தல், ஜெனரேட்டர், நடமாடும் கழிப்பறை, தண்ணீர் லாரி என்று அந்தப் பணம் வந்த வழியே போய்விடும். ஆசைக்குச் செய்யலாம், சிக்கனத்துக்கென்று செய்ய வேண்டாம்.

பெரிய வேலை தரைதான். எங்கள் பக்கம் களிமண். காய்ந்தால் குழந்தை கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். அறுவடையில் மிஞ்சிய நெல் தாளை அடியோடு அறுத்துவிட்டு, வெடிப்பு விரியும் முன் ரோட்டவேட்டர் ஓட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, டிராக்டரை மேலும் கீழும் விட்டு அழுத்தினோம். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் சேறுதான். தெளிக்கிற வேலையை அனுபவப்பட்ட ஆளிடம் விட வேண்டும். வரப்பில் இருந்த எலி வளைகளை எல்லாம் அடைத்தோம். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வயசானவர்கள் தடுமாறக் கூடாதே என்று மணவறையை நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் போட்டுவிட்டு, பந்தியை மட்டும் வயலில் வைத்தோம்.

பந்தலுக்குத் தகரம்தான் பாதுகாப்பு என்றார்கள். நாங்கள் சவுக்குக் கழி நட்டு, கீற்று வேய்ந்தோம். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது சும்மா இல்லை. முகூர்த்தத்தன்று விடிகாலையில் பந்தலுக்கு வெளியே கிடந்த நாற்காலிகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கீற்றுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

ஆனால் கீற்று என்றால் நெருப்பு பயம் உண்டு. சமையல்காரர் வந்ததும் எத்தனை பேர், என்ன பதார்த்தம் என்று கேட்கவில்லை. கைப்பிடி மண்ணைத் தூக்கிப் பொடி செய்து விட்டுப் பார்த்தார். “காத்து பந்தலத் தாண்டி எங்க போவுதோ அங்க போடுங்க அடுப்ப” என்றார். கோட்டை அடுப்புக்கு மேல் மட்டும் தகரம், பக்கத்தில் டிரம்மில் தண்ணீர், சாக்கில் மணல். வெடி போட வந்த மாப்பிள்ளை வீட்டுப் பையன்களை ரோட்டுக்கு அனுப்பிவிட்டோம். முறைத்தார்கள், போகட்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு விளக்குப் பூச்சிதான் எதிரி. வயல் நடுவில் டியூப் லைட்டைப் போட்டால் சாம்பாரில் பாதி பூச்சியாக இருக்கும். தூரத்தில் மூலையில் ஒரு பெரிய வெள்ளை விளக்கை எரியவிட்டு, பந்திக்கு மேல் மங்கலான மஞ்சள் பல்பு மட்டும் கட்டினோம். முதல் பந்தியை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிட்டோம்.

கரண்ட் விஷயத்தில் ஒன்று. மோட்டார் கொட்டகையில் இருப்பது விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரம். அதிலிருந்து வயர் இழுக்கக் கூடாது. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்துப் பணம் கட்டினோம். ஒலிபெருக்கிக்கு போலீஸ் அனுமதி வாங்கினாலும் இரவு 10 முதல் காலை 6 வரை போடக் கூடாது. எங்களுடையது 6 மணிக்கு முந்தைய முகூர்த்தம். நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே அடுத்த தெரு வரை கேட்டன, அதற்கென்ன.

பூவுக்கு வீட்டுக் கொல்லையில் செண்டுமல்லி போட்டோம். நாற்று நட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை நிறைய வரும். தோரணத்துக்குக் கொல்லைப் பூ போதும். மாலைக்குக் கடைக்குத்தான் போனோம். எச்சில் இலை முழுக்க எருக்குழிக்குப் போனது. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்ததால் வயலில் குப்பை பொறுக்கும் வேலை மிச்சம்.

அப்புறம் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கல்யாணம் நடந்த இடத்துக்கு ஆதாரமாக மண்டபத்தில் செய்தவர்கள் ரசீதைக் காட்டுவார்கள். நம்மிடம் அது இருக்காது. பத்திரிகை அடிக்கும்போதே ‘எங்கள் வயலில்’ என்று அழகுக்குப் போட்டு நிறுத்தாமல் கிராமம், வட்டம், மாவட்டம் எல்லாம் முழுதாக அச்சடித்துவிடுங்கள்.