கந்தலுக்குச் சட்டம் போட்ட ஊர்

கந்தல் துணிக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனில், ஹின் பஸ் டிப்போ என்ற கலைக்கூடத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்தான் அதைப் பார்த்தேன். பழைய நீலத் துணி, அதன்மேல் ஒட்டு, ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளை நூலில் நெருக்கமாக ஓட்டுத் தையல். விலையைக் கேட்டதும் சுருக்கென்றது. தேவகோட்டை வீட்டில் இதே மாதிரித் தையல் கரித்துணியாகக் கிடந்ததே!

அந்தத் தையலுக்குப் பெயர் சாஷிகோ. ஜப்பானின் வடகோடியில், அவொமோரிப் பக்கம், அந்தக் குளிரில் பருத்தி விளையாது. எடோ காலத்தில் (1603–1868) அங்குள்ள சுகாரு வட்டாரக் குடியானவர்கள் பருத்தி உடுத்தத் தடையும் இருந்தது. நார்த்துணிதான் உடுப்பு. அதன் இழைச் சந்து வழியே காற்று புகும். அந்தச் சந்துகளைப் பருத்தி நூலால் அடைத்துத் தைத்தார்கள் பெண்கள். அதுதான் கோகின், சாஷிகோவில் ஒரு வகை. கப்பலில் வந்திறங்கும் பழந்துணியில் கையகலத் துண்டுகூட வீணாகாது. ஒட்டி ஒட்டி, அம்மா உடுத்தியதை மகளும் உடுத்துவாள். அப்படிக் கனத்துப்போன கந்தலுக்குப் போரோ என்று பெயர்.

சாஷிகோவை எனக்குக் கற்றுத் தந்தவர் இங்குள்ள ஒரு சீன ஆன்ட்டி. நீள ஊசி, அதிகம் முறுக்காத நூல். ஊசியை நேராகப் பிடித்துக்கொண்டு துணியைத்தான் மடித்து மடித்து ஊசியில் ஏற்ற வேண்டும். நூலை இழுத்ததும் துணியை இரண்டு விரலால் நீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் துவைத்ததும் சுருங்கிக்கொள்ளும். திரும்பும் மூலையில் பின்பக்கம் கொஞ்சம் நூலைத் தளர விட வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் நூல்மேல் நூல் ஏறக்கூடாது, நடுவில் சின்ன இடைவெளி. முன்பக்கத் தையல் ஒவ்வொன்றும் அரிசி மணியளவு. பினாங்குப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்குகிறது, அதுதான் தொல்லை.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி இந்த ஊரிலேயே பிறந்தவள். கணவரின் கால்சட்டை முட்டியில் நான் ஒட்டுப்போடுவதைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, சேல்ல புதுசு வாங்கிக்கலாமே!" என்றாள். உண்மையிலேயே என்மேல் இரக்கப்பட்டாள். விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, பாஜு குரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடுப்பு தைத்து மிஞ்சிய பாத்திக் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். பெர்ச்சா என்று அவற்றைச் சேர்த்துவைத்துப் போர்வை தைப்பது மலாய் வீடுகளில் வழக்கமாம்.

பினாங்கு எனக்குப் பழகிவிட்டது. சௌராஸ்தா மார்க்கெட்டில் பேரம் பேசுகிறேன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறேன். ஆனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அந்திப் பாங்கு ஒலித்தால் கை தானாக ஊசியை வைத்துவிடுகிறது. விளக்கு வைத்தபின் ஊசியைத் தொட்டால் அப்பத்தா விடமாட்டார்.

அப்பத்தா உடுத்தியது கண்டாங்கிச் சேலை. நைந்ததும் அது எங்களுக்குத் தூளியானது. அப்புறம் இரண்டு மூன்றை அடுக்கி, பகல் வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஓட்டுத் தையல் போட்டு விரிப்பாக்குவார். கோணல் இருக்காது. விருந்தாளி வந்தால் மட்டும் அந்த விரிப்பு அறைக்குள் போய்விடும். ஒட்டுப்போட்டது நாலு பேர் கண்ணில் பட்டால் தரித்திரமாம். அவர் போனபின் வீட்டார் எல்லாவற்றையும் பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கினார்கள். அந்தக் கைக்கு ஈடு ஒரு தூக்குச்சட்டியா? ஜப்பானியர் தங்கள் பாட்டிகளின் கந்தலை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோதும் எனக்கு அந்த விரிப்புதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன், பரணில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. "ஒரு கிழிசல் கிடக்குடி, எலி கடிச்சது. அதைப் போய் யாராச்சும் பிளேன்ல அனுப்புவாங்களா? ரெண்டு நல்ல சேலை எடுத்து அனுப்புறேன்."

கிழிசல்தான் வேண்டும், துவைக்கக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி அடுத்த மாதம் வருகிறான்.