எரு என்ன போட்டீங்க?

வேலந்தாவளத்தில் ஒரு உரக்கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர் கேரள எல்லைக்குள் இருந்தாலும், காய்கறிச் சந்தைக்குள் நுழைந்தால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். கிருஷி பவன் (கேரள வேளாண் அலுவலகம்) நோட்டீஸில் பாக்யஜனகம், பாவஹம், க்ஷாரம் என்று மலையாளத்தில் இருக்கும். நம் ஆட்கள் அதைக் கடைக்குக் கொண்டுவந்து, "இது என்னங்க தம்பி?" என்பார்கள். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) என்று சொல்வேன். முதல் சத்தின் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது: இலை தழைக்க வைப்பது. அதை நானே சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது நான்காவது வருடம்தான் புரிந்தது.

அந்த வருடம் பக்கத்து ஊர் ஐயா ஒருவர் ஒரு ஏக்கரில் வீரிய ஒட்டுத் தக்காளி நட்டிருந்தார். நாற்பதாம் நாள் கடைக்கு வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "செடி கருகருன்னு நிக்குது கண்ணு, வந்து பாரு" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், உரம் கொடுத்தவன் நான் அல்லவா. பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். அக்கம்பக்கத்துக் காட்டில் பிஞ்சு பிடித்துவிட்டது, இவர் காட்டில் பூவே குறைவு, வந்த பூவும் உதிர்கிறது. "பூ எடுக்க ஏதாச்சும் குடு" என்றார். ஒரு டானிக் பாட்டிலும், சொட்டுநீரில் விட ஆல் 19 உரப் பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஆல் 19-இலும் தழைச்சத்து 19 சதவீதம் இருக்கிறது. காட்டைப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்தேன். இன்றைக்கும் அது மனசை உறுத்துகிறது.

பிறகுதான் காட்டுக்குப் போனேன். இடுப்பு உயரச் செடி, விரல் மொத்தத் தண்டு, கரும்பச்சை இலை. நுனி இலைகள் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருந்தன. வைரஸ் என்று பயந்து மருந்து அடித்திருந்தார். இலைச்சுருட்டு வைரஸ் வந்தால் இலை சிறுத்து, வெளிறி, மேல்பக்கமாகச் சுருளும். செடி வளராமல் குறுகிப்போகும். இது அப்படி இல்லை. கொழுத்துப்போன செடி. ஆனால் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை ஈ. தழைச்சத்து மிஞ்சிய இலை சதைப்பற்றாக, மெத்தென்று இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. அந்த ஈதான் வைரஸையும் கொண்டுவருகிறது. ஆக அவர் பயந்த நோய்க்கு வாசல் திறந்துதான் இருந்தது.

கடைக்கு அடிக்கடி வரும் ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர் ஒருவரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எரு என்ன போட்டார்?" கோழி எரு, டிராக்டரில் இரண்டு லோடு. பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். லோடுக்கு இரண்டு டன் என்று வைத்தால் நான்கு டன். கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், அதுவே 120 கிலோ. டிஏபி உரம் ஒரு மூட்டையில் 9 கிலோ. யூரியா இரண்டு மூட்டையில், 46 சதவீதக் கணக்கில், 41 கிலோ. மொத்தம் 170 கிலோ. வீரிய ஒட்டுத் தக்காளிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 200 கிலோ, அதாவது ஏக்கருக்கு சுமார் 80. எருவில் இருப்பது எல்லாம் ஒரே பருவத்தில் கரைந்துவிடாது, உண்மைதான். ஆனாலும் தேவையில் பெரும்பகுதியை எருவே கொடுத்திருக்கும், அதற்கு மேல் போட்டதில் பெரும்பாலும் வீண்.

அப்புறம் யூரியாவை நிறுத்தி, சொட்டுநீரில் சாம்பல் சத்து மட்டும் விட்டார். பூ உதிராமல் நின்றது, ஆனால் காய் வர ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் விலை விழுந்துவிட்டது. வந்த பழத்திலும் காம்புப் பக்கம் பச்சை மாறவில்லை. கொஞ்சம் காய்களுக்கு அடி கறுத்திருந்தது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், இப்படிக் கிடுகிடுவென்று தழைக்கும் செடியில் அது காய்க்குப் போதுமான அளவு போய்ச் சேராது. மண்டி ஆள் அந்தப் பழங்களை ஒதுக்கி வைத்தார். ஐயா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கப்புறம் எந்தப் பயிரென்றாலும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். நிலக்கடலைக்கு யூரியா கேட்டு வருகிறார்கள். அதன் வேர் முடிச்சே காற்றில் இருந்து தழைச்சத்து எடுக்கும். மேலே கொட்டினால் முடிச்சு குறையும், கொடி ஓடும், காய் இறங்காது. சின்ன வெங்காயத்துக்குக் கடைசிவரை போட்டால் கழுத்து தடித்து, சேமித்து வைக்கும் பட்டறையில் அழுகும். பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்து நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் மூன்றும் அதிகப் பச்சையைத் தேடி வரும்; அதற்கும் தப்பினால் பயிர் சாய்ந்துவிடும். செடி எடுக்காத மிச்சத் தழைச்சத்து நைட்ரேட்டாகித் தண்ணீரோடு கிணற்றுக்கு இறங்குகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வேம்பு பூசிய 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் அதைப்போல் பல மடங்கு. யூரியா போட்ட சில நாளில் இலை கரும்பச்சையாகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பொட்டாஷ் செய்யும் வேலை பழம் அறுக்கும்போதுதான் தெரியும்.

இப்போது பில் போடும் முன் எருவைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். சிலர் சலித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். முதலாளிக்கும் முதலில் வருத்தம் இருந்தது.

போன மாதம் அதே ஐயா வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "இந்த வாட்டி கோழி எரு அரை லோடுதான் கண்ணு, எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டு, ஒரு மூட்டை யூரியாவுக்கும் ஒரு மூட்டை பொட்டாஷுக்கும் பில் போட்டேன்.